கடலைக் காணோம்

என்னைத் தெரிந்தவர்கள், "இந்தப் பொண்ணு எதுக்குமே பதற மாட்டா" என்று சொல்வார்கள். உண்மை வேறு. நான் எந்நேரமும் பதறிக்கொண்டேதான் இருக்கிறேன்; ஆனால் வரிசைப்படி பதறுகிறேன். முதலில் எதற்குப் பதற வேண்டும், அடுத்தது எதற்கு, எந்தப் பதற்றத்தை நாளைக்குத் தள்ளி வைக்கலாம் என்று மனதுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதால் முகம் அமைதியாகத் தெரிகிறது. (எங்கள் கல்யாண ஆல்பத்தில் மோதிரம் மாற்றும் படத்தில் நான் தலையைத் திருப்பி எங்கோ பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லோரும் அதை வெட்கம் என்கிறார்கள். ஆலயத்தின் பக்கக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.)

இந்தக் குணத்துக்கு நான் மட்டும் காரணமில்லை, வேலையும் ஒரு காரணம். வேதிப் பொறியியல் படித்துவிட்டு ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். தோலிலிருந்து முடியை எடுப்பதற்குச் சுண்ணாம்போடு சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீரில் தவறிப்போய் அமிலம் கலந்தால் ஒரு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம். குழிக்குள் இறங்கியவரை ஒரே மூச்சில் சாய்த்துவிடும். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி யாரும் சிரித்துப் பேசுவதில்லை. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் நான் சொல்லும் பாடம் இது: முட்டை நாற்றம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடாதே, ஓடு. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் பார்த்து ஓடு. முக்கியமாக, நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையாதே. வாயு ஜாஸ்தியானால் அது முதலில் சாகடிப்பது உன் மூக்கை.

நல்ல பாடம். இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன். அதை அயர்லாந்துக்கு எடுத்துக்கொண்டு போனதுதான் பிழை.

என் கணவர் சாமுக்கு அந்த நாட்டின் மேற்குக் கரையில், கடலோரச் சின்ன ஊர் ஒன்றின் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. முதலில் அவர் மட்டும் போனார். ஒரு வருஷத்துக்கும் மேல் எங்கள் குடும்பம் கைபேசித் திரையில்தான் நடந்தது. மகள் ஜெனிக்கு அப்போது நான்கு வயது. அப்பா என்பவர் தலையும் கழுத்தும் மட்டும் உள்ள ஒருவர் என்றே நினைத்திருந்தாள் போலிருக்கிறது. விமான நிலையத்தில் அவரைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்கவில்லை, அவருடைய கால்களை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்களோடு மாமாவும் வந்திருந்தார். சாமின் அப்பா. ஜெனி பள்ளிக்குப் பழகும் வரை கூட இருப்பதாக ஏற்பாடு. அவர் ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். சொல்யூஷன் என்று சொல்லும் அந்தப் பசையின் நெடியிலேயே இருந்து இருந்து, அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே அவருடைய மூக்கு ஓய்வு பெற்றுவிட்டது. பிரியாணிக்கும் பினாயிலுக்கும் அவருக்கு வித்தியாசம் கண்ணால்தான் தெரியும்.

அந்த ஊரில் வேலை கிடைத்துவிடும், வாடகை வீடு கிடைக்காது. சாம் மற்ற நர்ஸ்களோடு பங்கு போட்டு இருந்த அறையில் குடும்பத்துக்கு அனுமதியில்லை. அலைந்து அலைந்து கடைசியில் மிஸஸ் நோரா என்ற அம்மையார் தன் வீட்டு மாடியைத் தர முன்வந்தார். அதுவும் முழு மனதோடு இல்லை.

"சனிக்கிழமை வந்துடுங்க. திங்கட்கிழமை சாயங்காலம் ஒப்பந்தத்தோட நான் மேல வர்றேன். நடுவுல ரெண்டு நாள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கலாம். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அமைதி." (அவர் பேசியது ஆங்கிலம். என் நினைவில் அது தமிழில்தான் ஓடுகிறது.) முன்பு குடியிருந்தவர்கள் டிரம்ஸ் வாசித்தவர்களாம்.

அவர் திங்கட்கிழமை கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விமானத்திலேயே யோசித்து வைத்திருந்தேன். நானும் ஜெனியும் மாமாவும் ஆம்பூருக்குத் திரும்ப வேண்டும். நான் வேலையை விட்டாயிற்று. சாம் பழைய அறைக்குப் போக வேண்டும். ஜெனிக்கு அப்பா மறுபடியும் தலையும் கழுத்தும் ஆகிவிடுவார்.

எனவே சனிக்கிழமை முழுக்க அந்த மாடியில் நாங்கள் மூச்சு விட்டதுகூட மெதுவாகத்தான். எல்லோருக்கும் தடித்த காலுறை மாட்டிவிட்டேன். விசில் வரும் என்று குக்கரைப் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை. தும்மல் வந்தால் தலையணையில் தும்மும்படி மாமாவைக் கேட்டுக்கொண்டேன்.

"இன்னாம்மா இது," என்றார் மாமா, கிசுகிசுப்பாக. "வாடகைக்கு வந்திருக்கோமா, ஒளிஞ்சிருக்கோமா?"

"ரெண்டு நாள் மாமா. ரெண்டே நாள்."

"ரெண்டு நாளைக்குத் தும்மலை எங்க வெச்சுக்கிறது?"

அன்று சாயங்காலம் தெருமுனைக்கு நடந்துபோய்க் கடலைப் பார்த்தோம். இரவு ஷிப்டும் பகல் தூக்கமுமாக ஒரு வருஷத்தைக் கழித்த சாமுக்கும் அதை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அன்றுதான் முதல் முறை. முழங்கால் உயரச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் சுவரைத் தொட்டுக்கொண்டு தண்ணீர். ஒரு படகு ஆடிக்கொண்டிருந்தது. ஜெனி அப்பாவின் தோளில் உட்கார்ந்து கையை ஆட்டினாள். அந்த நிமிஷம் எனக்கு ஒரு பதற்றமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஒரு நிமிஷம்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வெயில் அடித்ததால் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தேன். காற்று உள்ளே வந்தது. அதோடு அதுவும் வந்தது.

முட்டை. அழுகிய முட்டை.

என் கையிலிருந்த கரண்டி கழுவும் தொட்டியில் விழுந்தது. (அந்த வீட்டில் நாங்கள் எழுப்பிய முதல் சத்தம்.) முதலில் என் மூக்கை நான் நம்பவில்லை. சாட்சி வேண்டும். கூடத்துக்குப் போனேன். சாம் ஜலதோஷத்தோடு சோபாவில் படுத்திருந்தார்.

"சாம், ஏதாச்சும் நாத்தம் வருதா?"

"எனக்கு மூக்கே இல்ல இன்னிக்கு."

"மாமா, உங்களுக்கு?"

டீ தம்ளரோடு உட்கார்ந்திருந்த மாமா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "என்னைப் போய்க் கேக்கறியேம்மா."

ஜெனி பொம்மையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "முட்டை நாத்தம்மா. தாத்தா ஊர் ஷாப்பு நாத்தம்."

(எங்கள் ஊரில் டேனரிக்கு ஷாப்பு என்று பெயர்.) ஆரோக்கியமான மூக்குள்ள ஒரே நபரின் வாக்குமூலம். அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நான் செய்தேன் என்பதைவிட, என் பயிற்சி செய்தது என்று சொல்லலாம். கத்தவில்லை. அந்தக் குரலை சாம் இன்னும் நடித்துக் காட்டுவார். ரயில்வே ஒலிபெருக்கி மாதிரி ஒரே சீராக, "எல்லாரும் வெளியே போறோம். செருப்பு மட்டும். வேற எதுவும் எடுக்க வேணாம். சாம், நீங்க அவசர எண்ணுக்கு போன் பண்ணுங்க. விஷவாயுன்னு சொல்லுங்க" என்றேன்.

"விஷவாயுவா? இங்க ஏது?"

"ஆராயக் கூடாது சாம்!"

மாமா எழுந்தார். லுங்கி, மேலே சாமின் குளிர் கோட்டு, தலையில் மங்கி குல்லா, கையில் தம்ளர்.

"மாமா, தம்ளரை வெச்சுட்டு வாங்க."

"ஆறிடும்மா."

வாசலைத் தாண்டித் தெருவில் நின்றதும் தலைகளை எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள். அப்போதுதான் நினைவு வந்தது: இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும். நாங்கள் இருந்தது மாடி. கீழே இருப்பவர் மிஸஸ் நோரா.

ஜெனியை சாமிடம் கொடுத்துவிட்டு, துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு திரும்ப உள்ளே ஓடினேன். கதவைத் தட்டினேன். பிறகு இடித்தேன். அமைதியை விரும்பும் அம்மையாரின் கதவை, தொழிற்சாலைக் கதவை இடிப்பது மாதிரி இரண்டு கையாலும் இடித்தேன்.

கதவைத் திறந்தார். ரோஜா நிற வீட்டு அங்கி. பதினொரு மணிப் பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார்; தலையில் ஒரு பக்கம் முடி சுருட்டும் உருளைகள், மறுபக்கம் சுருண்ட முடி.

"மேடம், வாயு! வெளியே வாங்க! நாத்தம் வரலையா?"

அவர் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தார். "என்ன நாத்தம்? ஒண்ணும் இல்லையே."

மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்கிற எனக்கே அடிக்கிறது, வெறும் மூக்கோடு நிற்பவருக்கு அடிக்கவில்லை. அப்படியென்றால் மூக்கு போய்விட்டது. அடுத்தது நினைவு போகும். நான் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். எழுபதைத் தாண்டிய பெண்மணி, வீட்டுச் செருப்போடு, ஒரு பக்க உருளைகளோடு, தெருவுக்கு வந்துவிட்டார். எப்படி வந்தார் என்று அவருக்கும் தெரியாது.

துப்பட்டாவின் தொங்கும் நுனியைத் தூக்கிப் பிடித்துக் காற்றின் திசையைப் பார்த்தேன். தெருமுனையிலிருந்து, அதாவது கடல் பக்கமிருந்து வீசியது. காற்றை எதிர்த்து ஓடு என்பது பாடம். ஓடினோம். நான் முன்னால், என் பிடியில் மிஸஸ் நோரா, பின்னால் போனில் பேசிக்கொண்டே ஜெனியைத் தூக்கிக்கொண்டு சாம், கடைசியில் டீ சிந்தாமல் மாமா.

எதிரே நாயோடு ஒருவர் நடந்து வந்தார். அருமையான காலை என்று ஏதோ சொன்னார்.

"இந்தப் பக்கம் போகாதீங்க! விஷவாயு! நாத்தம் தெரியலையா உங்களுக்கு?"

"நாத்தமா?" அவர் நாயைப் பார்த்தார். நாயும் ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது.

இன்னொரு மூக்கு போயிற்று. நாயின் மூக்கே போயிற்று என்றால் நிலைமை எவ்வளவு மோசம்! தீயணைப்பு வண்டி வருகிறது, அது வரும்வரை எங்களோடு இருங்கள் என்று அவர் கையையும் பிடித்தேன். அந்த நேரம் அவர் இடுப்பில் ஏதோ கீச்சுக் கீச்சென்று கத்தியது. எடுத்துப் படித்தார்.

"இந்தத் தெருவிலேயே விஷவாயுவாம்," என்றார் எங்களிடம், வருத்தத்தோடு. "நான் போகணும். தீயணைப்புப் படைக்குத் தலைவர் நான்தான்."

(அந்த ஊரில் தீயணைப்புக்கென்று தனி ஆட்கள் கிடையாது. அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்; கருவி கத்தினால் ஓடுவார்கள். இவர் பெயர் பேட்ரிக், மற்ற நாட்களில் வண்டிகளுக்கு டயர் மாட்டுபவர்.)

காற்றை எதிர்த்து ஓடினால் நாற்றம் குறைய வேண்டும். எங்களுக்கு ஒவ்வோர் அடிக்கும் அதிகமாகிக்கொண்டே போனது. பாடத்தில் இல்லாத ஒன்று நடக்கிறது என்று புரிந்தபோது நாங்கள் தெருமுனைச் சுவருக்கு வந்துவிட்டோம்.

சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இல்லை.

நேற்றுத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் கருப்புச் சேறு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சேறு, பச்சைப் பாசி, சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்த அந்தப் படகு. முழு நாற்றமும் அங்கிருந்துதான் வந்தது.

ஆம்பூர்க்காரர்களுக்குக் கடல் என்றால் மெரினா. எப்போது போனாலும் அதே இடத்தில் இருக்கும். தண்ணீர் காணாமல் போவதெல்லாம் பாலாற்றின் பழக்கம். மாமா சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"மணல் லாரிக்காரன் எவனாச்சும் வந்துட்டுப் போய்ட்டானா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் உள்வாங்கினால் அடுத்தது என்ன என்பது தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தொலைக்காட்சியில் பார்த்த அந்த டிசம்பர் நாள் கண் முன்னால் வந்தது. மறுபடியும் அந்த ஒலிபெருக்கிக் குரல் வந்தது. இந்த முறை கொஞ்சம் சுருதி ஏறி.

"திரும்புங்க! மேல! மேட்டுக்கு ஓடுங்க! சுனாமி!"

"இப்பத்தானே வாயுன்னே?" என்றார் சாம்.

"அது முன்ன!"

"ஒரு முடிவுக்கு வாம்மா," என்றார் மாமா. ஆனால் ஓடினார்.

அந்த ஊரில் மேடு ஒன்றுதான். மேட்டின் மேல் ஆலயம். மிஸஸ் நோரா வழி முழுக்க ஏதோ சொல்ல முயன்றுகொண்டே வந்தார். மூச்சு வாங்கியதில் அது வார்த்தையாகவில்லை. பின்னால் பேட்ரிக், தீயணைப்பு வண்டியைத் தேடிப் போகாமல், நாயோடு வேகமாக நடந்து வந்தபடி கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். என்னை ஓடத் தூண்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பூசைக்கு வந்த மொத்த ஊரும் ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தது. இஸ்திரி போட்ட சட்டைகள், தொப்பிகள். அவர்கள் நடுவில் போய் நாங்கள் நின்றோம். வீட்டு அங்கியில் மிஸஸ் நோரா. லுங்கியிலும் மங்கி குல்லாவிலும் மாமா. மூக்கில் துப்பட்டா கட்டிய நான். கீழே தெருவில் சைரனோடு தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சைரன் ஓய்ந்ததும் வந்த நிசப்தத்தில் மாமா மிச்சமிருந்த டீயை உறிஞ்சிக் குடித்தார்.

பேட்ரிக் வந்து சேர்ந்தார். முட்டியில் கை வைத்து மூச்சு வாங்கினார்.

"அது அலை இறக்கம்," என்றார். "தண்ணி தினமும் ரெண்டு தடவை வெளியே போகும். சேறு நாறும். நாங்க பொறந்ததுலேர்ந்து மோந்துகிட்டிருக்கோம், அதனால தெரியறதில்ல."

நான் மிகுந்த மரியாதையோடு, ஒரு தொழில்முறைக் கேள்வி மாதிரி கேட்டேன்: "கடல் எப்ப திரும்பி வரும்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "டீ நேரத்துக்கு வந்துடும்."

முதலில் யாரோ ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை. பிறகு ஆலய வாசல் முழுக்கச் சிரித்தது. பாதிரியார் திரும்பிக்கொண்டு சிரித்தார். மிஸஸ் நோரா மட்டும் சிரிக்கவில்லை. தலையிலிருந்த உருளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அங்கிப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் பேசாமல் மேட்டை விட்டு இறங்கிப் போனார்.

அன்று மீதி நேரமும் மறுநாள் பகலும் நான் பெட்டிகளைத் திரும்ப அடுக்கினேன். கீழே மிஸஸ் நோராவின் கதவு திறந்து திறந்து மூடியது. யார் யாரோ வந்தார்கள், போனார்கள். ஆலோசனை நடக்கிறது, எங்களை எப்படி வெளியேற்றுவது என்று பேசுகிறார்கள் என்று முடிவு செய்தேன். சாம் பழைய அறையில் கட்டில் காலியாக இருக்கிறதா என்று விசாரித்து வைத்தார். ஜெனி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

"நீ நல்லதுதான பண்ணே," என்றார் மாமா. "இன்னா, கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிட்டே."

திங்கட்கிழமை சாயங்காலம் மிஸஸ் நோரா மேலே வந்தார். கையில் ஒப்பந்தம் இருந்தது. அடுக்கிய பெட்டிகளைப் பார்த்தார்.

"எங்க கிளம்பறீங்க? நேத்திலேர்ந்து எங்க வீட்டுக்கு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? எல்லாருக்கும் என் வாயால கேக்கணுமாம். என் வீட்டுக்காரர் போனப்பகூட இவ்வளவு பேர் வரலை. நாளைக்கு இன்னும் நாலு பேர் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. நீங்க போய்ட்டா நான் யாரைக் காட்டறது?"

உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீ என் கதவைத் தட்டினப்போ உன் குழந்தை வெளியே பத்திரமா நின்னுகிட்டிருந்தது. ஜன்னல் வழியாப் பார்த்தேன். நீ திரும்பி உள்ள வந்தே."

முகமூடி இல்லாமல் யாரையும் காப்பாற்றத் திரும்பி உள்ளே போகக் கூடாது என்பது என் தொழிலின் முதல் விதி. அந்தக் குழிகளில் அதிகம் பேர் செத்தது அப்படித்தான். அதைச் செய்ததற்காக ஒருவரை நான் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டி, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் என் கையெழுத்துக் கோணலாக விழுந்தது.

நாங்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். மாமா, ஜெனி பள்ளிக்குப் பழகியதும் ஊர் திரும்பிவிட்டார். திரும்பியவர் சும்மா இருப்பாரா? டீக்கடையில், ஆலயத்தில், பழைய ஷூ கம்பெனி ஆட்களிடம், எல்லா இடத்திலும் கதையைச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் என்னோடு ஓடியவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார்.

போன விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். சென்னையிலிருந்து காரில் அழைத்துப்போக மாமாவே வந்திருந்தார். வழியெல்லாம் தூங்கிய ஜெனி, மாதனூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு டேனரியின் கழிவுநீர் வாய்க்கால் ஓரம் ஜன்னலைத் திறந்ததும் கண் விழித்தாள். மூக்கை உறிஞ்சினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறந்து நான்கு வருஷம் சுவாசித்ததை மூன்று வருஷத்தில் மறந்துபோன குழந்தை, கண்கள் விரிய, காருக்கே கேட்கும்படி கத்தினாள்:

"தாத்தா! உங்க ஊர்லயும் கடல் இருக்கா? ஏன் சொல்லவேயில்ல?"

டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஜெனி தண்ணீரைத் தேடி இரண்டு பக்க ஜன்னலிலும் மாறி மாறிப் பார்த்தாள்.

எங்கள் உறவில் இப்போது அந்த இடத்துக்கு வேறு பெயர் கிடையாது. போன வாரம் மாமாவுக்கு போன் செய்து, எங்கே இருக்கிறீர்கள், ஏன் இவ்வளவு இரைச்சல் என்று கேட்டேன்.

"பஸ் பேஜார் பண்ணிடுச்சும்மா," என்றார். "பீச்சுல நிக்கிறேன். ஆட்டோ வருதான்னு பாத்துனு கீறேன்."